சீடில் புனித ஜைல்ஸ் ஆலயத்தில் ஒரு காலை

இங்கிலாந்தில் சீடில் என்று இரண்டு ஊர்கள் உண்டு. மான்செஸ்டர் பக்கத்தில் இருப்பது வேறு. நான் போனது ஸ்டாஃபோர்ட்ஷயரில் உள்ள சின்ன ஊர். ஸ்டோக்-ஆன்-டிரென்ட்டில் பஸ் ஏறி செபமாலையைக் கையில் எடுத்தேன். அதை முடிப்பதற்குள் புனித ஜைல்ஸ் ஆலயத்தின் 200 அடி கோபுரம் கண்ணில் பட்டுவிட்டது.

அந்தக் கோபுரத்தை நிமிர்ந்து பார்த்து நின்றபோதே நெஞ்சு நிறைந்துவிட்டது. இந்த நாட்டில் கத்தோலிக்கர்கள் தலைமுறை தலைமுறையாக ஒளிந்து திருப்பலி கண்டவர்கள். 1791இல்தான் வழிபாட்டுக்கூடம் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுத்தது. அப்போதும் கோபுரம் கூடாது, மணி கூடாது. 1829இல் மற்ற உரிமைகள் பலவும் வந்தன. 1841இல் இங்கே வேலை தொடங்கி, 1846இல் ஆலயம் திறக்கப்பட்டது. பணம் கொடுத்தவர் ஷ்ரூஸ்பரி பிரபு ஜான் டால்பட். சிவப்புக் கதவுகளில் பாய்ந்து நிற்கும் பொன்னிறச் சிங்கங்கள் அவர் குடும்பச் சின்னம். கட்டியவர் அகஸ்டஸ் புகின், லண்டன் நாடாளுமன்றத்துக்கு உள்ளலங்காரம் செய்தவர்.

உள்ளே போனதும் ஒன்றும் தெரியவில்லை, ஒரே இருட்டு. ஜன்னல் முழுக்க வண்ணக்கண்ணாடி அல்லவா! கண் பழகப் பழகத் தூண்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. சிவப்பு, பச்சை, பொன் என்று அடி முதல் நுனி வரை கோலம். பூ வைத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி என்னைப் பார்த்துவிட்டு விளக்கைப் போட்டார். பீடத்துக்கு முன்னால் மரத்தடுப்பு, அதன் மேல் சிலுவையில் தொங்கும் இயேசுவின் பாடுபட்ட சுரூபம், இருபுறமும் மாதாவும் சீடர் அருளப்பரும். அதற்கும் மேலே, வளைவின் மீது இறுதித் தீர்ப்பு ஓவியம். வெறும் சுவர் என்று ஒரு சாண் இடம்கூட என் கண்ணுக்குப் படவில்லை.

இவ்வளவு ஆடம்பரம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அது ஆடம்பரமாகவே தோன்றவில்லை. அத்தனை காலம் அடக்கி வைத்த செபம் வாய்விட்டு வந்தால் இப்படித்தான் இருக்கும்.

அப்புறம் நற்கருணைச் சிற்றாலயம், இயேசுவின் உடலாக நாங்கள் வணங்கும் அப்பத்தைப் பேழையில் வைத்திருக்கும் இடம். பித்தளைக் கதவுகளின் முன்னே வந்ததும் கால் தானாக நின்றது. 1846இல் இங்கே நுழைந்த நியூமன், பின்னாளில் கர்தினாலானவர், 'விண்ணக வாசல்' என்று தமக்குள் சொல்லிக்கொண்டாராம். நான் முழந்தாளிட்டேன். தலை குனிந்தபோது தரை ஓடுகள் கண்ணுக்கு வெகு அருகில். பக்கத்து ஸ்டோக்கில் மின்டன் பட்டறையில் செய்தவை. பூ வேலை மேலே தீட்டியதல்ல; களிமண்ணில் பள்ளம் பதித்து, அதில் வேறு நிற மண்ணை நிரப்பிச் சுட்டது. நடந்து நடந்து மேற்பரப்பு தேய்ந்தாலும் பூ அழியாது. விரலால் தடவிப் பார்த்தேன், சில்லென்று இருந்தது.

போன வருடம் அம்மா இறந்ததிலிருந்து எனக்குச் செபம் சரியாக வரவில்லை. புகின் தம் துன்பங்களுக்கெல்லாம் ஆறுதல் சீடில்தான் என்று சொன்னவர்; நாற்பதே வயதில் போய்விட்டார். அன்று அவரையும் சேர்த்து நினைத்துக்கொண்டேன். அம்மா பெயரைச் சொன்னேன். அழுகை வந்தது, அடக்கவில்லை.

பாட்டி வேலையை முடித்து, "விளக்கை அணைத்துவிடலாமா?" என்று மெதுவாகக் கேட்டார். சரி என்று தலையசைத்தேன். தூண்களும் பொன்னும் மறுபடி இருட்டுக்குள் போயின. பேழைக்கு முன்னால் எரிந்த சின்ன விளக்கு மட்டும் தெரிந்தது. இன்னொரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லிவிட்டு எழுந்தேன்.