பதினேழு படிகள்

நவம்பர் 18, குன்னூர்
வலது கால் இன்று மடங்கவில்லை. சாலைக்கு ஏறப் பதினேழு படிகள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நான்கு ஏறித் திரும்பிவிட்டேன்.

நவம்பர் 20
மண்சரிவால் மேட்டுப்பாளையம் ரயில் ஓடவில்லை. நடனப் போட்டிக்கு ஆட்டம் அமைக்கச் சொல்லித் தொலைக்காட்சியிலிருந்தும் அழைப்பில்லை.

நவம்பர் 23
இரவெல்லாம் பைக்காராப் புல்வெளிதான் நினைவில் ஓடியது. நான் சினிமாவில் குரூப் டான்ஸராக இருந்த காலம். வினாடிக்கு 24 படச்சட்டங்களுக்குப் பதிலாக 48 எடுத்தால், பாட்டை இருமடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டு நாங்களும் அதே வேகத்தில் ஆட வேண்டும்; திரையில் ஆட்டமும் உதடசைவும் பாட்டோடு பொருந்திவிடும், ஆடையும் கூந்தலும் மட்டும் மிதப்பதுபோல் மெதுவாகத் தெரியும். பாடகியின் குரல் எலிக்குஞ்சின் கீச்சொலியாகக் கேட்க, மெல்லிய பாவாடை தாவணியில் வாயிலிருந்து புகை வர ஆடினோம். ஈரப்புல்லில் என் வலது கால் பிசகியது அன்றைக்குத்தான். தயாரிப்பு நிர்வாகி தைலப் புட்டி ஒன்றை நீட்டினார். அடுத்த டேக்கில் என் இடத்தில் வேறொருத்தி நின்றாள். நான் பின்வரிசை என்பதால், திரையில் அந்த மாற்றம் இன்றுவரை யார் கண்ணிலும் படவில்லை. எனக்கு மட்டும் தெரியும்: இரண்டாம் சரணம், இடப்பக்கம்.

நவம்பர் 24
அண்ணி ஒத்தடம் கொடுத்தார். ஏழு படிகள்.

நவம்பர் 29
ரயில் மீண்டும் ஓடுகிறது. ஊதல் கேட்டதும், 1998-இல் வெளிவந்த ‘உயிரே’ படத்துக்காக இந்த ரயிலின் கூரையில் ஃபரா கான் அமைத்த நடனத்தை நினைத்துக்கொண்டேன். ஓடும் ரயிலின் மேல் கால்களுக்கு இடமேது? தோளும் இடுப்பும் கைகளுமே ஆட்டத்தைச் சுமக்கின்றன. இந்தக் காலோடு நானும் அப்படி அமைத்துவிடலாம். ஆனால் தொலைக்காட்சி மேடை வேறு வகை. சினிமாவில் நான்கு எண்ணிக்கைக்கு ஒருமுறை வெட்டி, ஆடத் தெரியாதவரையும் ஆட வைத்துவிடலாம். மேடையில் போட்டியாளர் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மூச்சில் ஆட வேண்டும், அவருக்கு நான் முழுவதையும் ஆடிக் காட்ட வேண்டும்.

டிசம்பர் 2
கோத்தகிரி அருகே நீலகிரியின் படுகர் சமூகத்தவர் வீட்டுத் திருமணம் ஒன்றுக்கு அண்ணன் அழைத்துச் சென்றார். வட்டமாக ஆடினார்கள். முன்வரிசையும் இல்லை, பின்வரிசையும் இல்லை. நாற்காலியில் அமர்ந்தபடி நான் பழக்கதோஷத்தில் ‘ஃபைவ், சிக்ஸ், செவன், எய்ட்’ என்று முணுமுணுத்ததைக் கேட்டு அருகிலிருந்த பாட்டி சிரித்தார். “எழுந்து வா மகளே” என்றார். கால் வலிக்கிறது என்று சொல்ல வெட்கமாக இருந்ததால், தேநீர் குடிப்பதாகச் சொன்னேன்.

டிசம்பர் 3
வீக்கம்.

டிசம்பர் 7
சென்னையிலிருந்து அழைத்துவிட்டார்கள். “மாஸ்டர், நீங்களே ஆடிக் காட்டுவீர்கள் அல்லவா?” என்று கேட்டார்கள். ஆடுவேன் என்று சொல்லிவிட்டேன். அண்ணியிடம் இன்னும் சொல்லவில்லை.

டிசம்பர் 8
கைப்பிடியைத் தொடாமல் பதினொன்று.