சமையலறை மூலையில் இரண்டு விளக்குகள்

சிங்கப்பூரின் தோ பாயோவில் உள்ள எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் சமையலறைச் சன்னலுக்கு எதிரே அடுத்த புளோக் நிற்பதால், அங்கு விதைத்த வெந்தயக்கீரை வெளிச்சம் தேடி நூலாக நீண்டு சாய்ந்துவிடும். அதனால் தலா முப்பது வெள்ளிக்கும் குறைவான விலையில் இரண்டு எல்இடி வளர்விளக்குகளை வாங்கி, இரண்டு விதைப்புகளுக்கு அருகருகே வைத்துப் பார்த்தேன்.

முதலாவது, நான்கு கைகள் கொண்ட ஊதா விளக்கு. பெட்டியில் 80 வாட் என்று அச்சிட்டிருந்தார்கள். வாட் மீட்டரில் செருகியபோது 17 வாட்தான் காட்டியது. செடிக்குக் கிடைக்கும் ஒளி, விளக்கு உண்மையில் இழுக்கும் மின்சாரத்தையும் அதில் எவ்வளவு ஒளியாக மாறுகிறது என்பதையும் பொறுத்ததே தவிர, பெட்டியில் உள்ள எண்ணைப் பொறுத்ததன்று.

இரண்டாவது, 20 வாட் என்று சொல்லி 19 வாட் இழுத்த வெள்ளைப் பட்டை விளக்கு. வெள்ளை எல்இடி பெரும்பாலும் பாஸ்பர் (நீல ஒளியின் ஒரு பகுதியை மற்ற நிறங்களாக மாற்றும் பொருள்) பூசிய நீல டையோடுதான் என்பதால், செடிகள் பயன்படுத்தும் 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான அலைநீள ஒளியின் பெரும்பகுதி அதில் இருக்கிறது. அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு: ஊதா வெளிச்சத்தில் இலைகள் கறுத்தே தெரிவதால், அடியிலையில் மஞ்சள் படர்ந்ததை மூன்று நாள் கழித்துத்தான் கண்டேன்.

இப்போது வெள்ளைப் பட்டையை இலை நுனிக்கு 15 சென்டிமீட்டர் மேலே தொங்கவிட்டு, நாளுக்கு 14 மணி நேரம் எரியவிடுகிறேன். மாதத்திற்கு ஏறத்தாழ 8 யூனிட் ஆகிறது. கீரைத் தண்டு குட்டையாகவும் தடிப்பாகவும் வருகிறது.