மூச்ச இழுத்து புடிங்க
நாகர்கோவில் பக்கத்துல ஒரு ஆஸ்பத்திரில எக்ஸ்ரே டெக்னீஷியனா 11 வருஷம் ஆச்சு. நாள் பூரா வாயில வர்றது ஒரே வசனம் தான், "மூச்ச நல்லா இழுத்து புடிங்க... புடிங்க... விடுங்க". வீட்டுல பிள்ளைய போட்டோ எடுக்கும்போதும் இதையே சொல்லிட்டேன், பொண்டாட்டி இன்னைக்கும் சொல்லிக் காட்டுவா.

நெஞ்சு படம்னா ஈசின்னு நெனப்பாங்க. இழுக்கச் சொன்னா பாதிப்பேரு தோள மட்டும் தூக்குவாங்க, காத்து உள்ள போவாது. சேந்த புதுசுல ஒரு பாட்டாவ அப்படியே எடுத்துட்டேன், ரெண்டு பக்கமும் கீழ மங்கலா இருக்கு, இதயமும் பெருசா தெரியுது. டாக்டர் என்னைய கூப்புட்டு "முதுகுப்பக்க எலும்ப எண்ணுடே"ன்னாரு. காத்து நல்லா உள்ள போயிருந்தா உதரவிதானத்துக்கு மேல 9, 10 விலா எலும்பு தெரியணும், எண்ணுனா 7 தான். திரும்ப எடுத்தேன், மங்கல் போயாச்சு. அந்த மனுசனுக்கு நிமோனியா மருந்து எழுதியிருந்தா என் கணக்குல தானே.

இதுக்கு நேர் எதிரா ஒருத்தர் வந்தாரு, கடியப்பட்டணத்துல கடல்ல முங்கி சிப்பி எடுக்குறவரு. சொன்ன உடனே கெட்டியா புடிச்சாரு, நான் ஷாட் அடிச்சிட்டு ஸ்கிரீன பாத்தா நுரையீரல் கீழ் முனை ரெண்டும் பிளேட்டுக்கு வெளிய போயிருக்கு, அவ்வளவு பெரிய நெஞ்சு. சே, ரிபீட்டான்னு பிளேட்ட எறக்க உள்ள போறேன், மனுசன் செலை மாதிரி நிக்காரு, "நீங்க விடச் சொல்லலியே தம்பி"ன்னு அப்பதான் விட்டாரு பாத்துக்கிடுங்க.

ரிபீட்னாலே சில பேருக்கு பயம். மணவாளக்குறிச்சி அக்கா ஒருத்தங்க கதிர் ஒடம்புக்குள்ள தங்குமான்னு கேட்டாங்க. தங்காது, ஷாட் முடிஞ்சா அதோட சரி. ஒரு நெஞ்சு படத்துக்கு ஒடம்புல படுற கதிர் அளவு 0.1 மில்லி சீவர்ட்டுக்குள்ள தான், சும்மா மண்ணுலயும் வானத்துலயும் இருந்து உலக சராசரியா ஒரு ஆளுக்கு வருஷம் 2.4 வருது, உங்க ஊரு மணல்ல கதிர் விடுற தோரியம் வேற கெடக்கு அக்கான்னேன். "அப்போ உங்க படத்துக்கு மட்டும் ஏன் ரூவா கேக்கீங்க"ன்னாங்க. பதில் இல்ல.

போன மாசம் ஒரு அம்மச்சி, ரொம்ப வருஷம் அண்டி ஆபீஸ்ல, அதான் முந்திரிக்கொட்டை ஃபேக்டரில, வறுக்குற பக்கம் நின்னவங்க. இழுக்கச் சொன்னா இருமல் வந்துரும். நாலு தடவ பாத்துட்டு, "நீங்க ஒண்ணும் பண்ணாண்டாம், சும்மா நில்லுங்க"ன்னு சொல்லி கண்ணாடி வழியா அவங்க முதுகையே பாத்துக்கிட்டு நின்னேன், மூச்சு மேல ஏறி நிக்குற அந்த நொடில அமுக்குனேன். எண்ணுனேன், 10 எலும்பு. சந்தோசம் ஒரு செகண்ட் தான், வலது பக்கம் மேல எலுமிச்சங்கா அளவுல ஒரு வெள்ள.

"என்னமாம் கெடக்கா மக்கா?"

"டாக்டர் சொல்லுவாங்க அம்மச்சி." அத நாங்க சொல்லக்கூடாது, என்னன்னு உறுதியா சொல்ற படிப்பும் இல்ல. அவங்க என் மூஞ்சியவே கொஞ்ச நேரம் பாத்துட்டு, முந்தானைய சரி பண்ணி, "செரி, நீ சாப்டியா?"ன்னு கேட்டுட்டு போனாங்க.

அடுத்து பிளஸ் டூ பையன். நிறுத்தி வச்சி, மூச்ச புடிக்கச் சொல்லி, அமுக்கிட்டு, ஸ்கிரீன்ல இன்னும் மூடாத அந்த பழைய படத்தையே பாத்துட்டு இருந்திருக்கேன்.

"அண்ணே... விடட்டா?"