சொன்னதைக் கேட்ட வீடு

நான் சொன்னதை ஒன்று விடாமல் கேட்டவர் அந்த அக்கா ஒருத்தர்தான். கேட்காமல் விட்டவர்களைப் பற்றி எழுத என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. அவர்களுக்கும் பெரிதாக ஒன்றும் ஆகிவிடவில்லை.

நான் மாட்டு டாக்டர். விஷயம் கன்று வீச்சு. காங்கயம், தாராபுரம் பக்கம் மாடு பார்க்கிறவர்களுக்கு இது புதிதில்லை. ஏழு மாதச் சினையில் கன்றைப் போட்டுவிடும். நஞ்சுக்கொடி விழாமல் நிற்கும். வீட்டு ஆளே கையை விட்டு எடுத்துவிடுவார். வெயில் தாங்கலீங்க, தீனி மாறிப்போச்சுங்க, எவனோ கண்ணு வெச்சுட்டானுங்க என்று காரணமும் அவர்களே சொல்லிவிடுவார்கள். அதில் ஒரு பங்கு, ஆளுக்கும் ஒட்டுகிற புருசெல்லா கிருமி செய்கிற வேலை. ரத்தம் எடுத்து அனுப்பினால்தான் தெரியும். உண்மையைச் சொன்னால் எல்லா மாட்டுக்கும் எடுப்பதில்லை. அந்த அக்கா வீட்டு மாட்டுக்கு எடுத்ததற்குக் காரணம், அந்தச் சமயத்தில் நான் படித்துக்கொண்டிருந்தது.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று இணையத்தில் நடத்திய படிப்பு. மனிதருக்கு வருகிற தொற்று, கால்நடைக்கு வருகிற தொற்று, மண்ணும் தண்ணீரும் அதில் எங்கே வருகின்றன என்று மூன்றையும் சேர்த்துப் பார்க்கிற பாடம். ஒன் ஹெல்த் என்பார்கள். ராத்திரி சமையல் முடித்து, பிள்ளைகள் தூங்கின பிறகு உட்காருவேன். மனிதரைத் தாக்கும் தொற்றுகளில் சுமார் 60 சதவீதம் விலங்குகளோடு தொடர்புடையவை என்பது எல்லாப் பாடத்திலும் முதல் படமாக வரும். உலக சுகாதார நிறுவனமும், உணவு வேளாண்மை நிறுவனமும், உலக விலங்கு நல அமைப்பும் 2010-இல் கை கோத்ததும், ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2022-இல் அவர்களோடு சேர்ந்ததும் அடுத்தடுத்த படங்களில் வரும். கொட்டாவி வந்தாலும் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பிடித்தது மால்டா தீவுக் கதை. அதற்குப் பிறகு வருகிறேன்.

படிப்பின் பாதியில் ஒரு பயிற்சிக் கட்டுரை கேட்டார்கள். உங்கள் வேலையிலிருந்தே ஒரு நிகழ்வை எடுங்கள். யாருக்கு, எப்போது, என்ன தகவல் சொல்லப்பட்டது, ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு அது எப்படிப் போனது என்று எழுதுங்கள். அந்த அக்கா வீட்டைத்தான் எழுதினேன். நல்ல மதிப்பெண் வந்தது.

வந்திருக்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன். எழுதியது பொய் இல்லை. மாட்டுக்கு ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் என்று வந்ததும் நேரில் போய்ச் சொன்னேன். வீட்டுக்காரர் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். மாதக்கணக்காக வந்து வந்து போகிற காய்ச்சல், முட்டியிலும் இடுப்பிலும் வலி, ராத்திரியானால் வேர்வை. டைபாய்டு என்று வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. போன ஈத்தில் கொடியைக் கையால் எடுத்தது அவர்தான். ஆளைப் பார்ப்பது என் வேலை இல்லை. ஆனால் ஒரு தாளில் "மாடு பராமரிப்பவர், மாட்டுக்குப் புருசெல்லா உறுதி" என்று எழுதி, ஆஸ்பத்திரியில் காட்டச் சொன்னேன். அந்த டாக்டர் அந்தத் தாளைத் தூக்கிப் போடவில்லை. எனக்கே போன் போட்டு இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, பரிசோதனைக்கு எழுதினார். இவருக்கும் இருந்தது. டாக்ஸிசைக்ளினும் ரிஃபாம்பிசினும் ஆறு வாரம். காய்ச்சல் விட்டது. பாடத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டுகிற மாதிரியே நடந்தது. எங்கள் பக்கம் அப்படி நடப்பது அபூர்வம். மாட்டு டாக்டர் எழுதிய தாளை ஆள் டாக்டர் படிப்பார் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

கட்டுரை அங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்றைக்கு அந்த அக்கா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"பால் ஊத்தலாங்களா டாக்டரம்மா?"

காய்ச்சிக் குடித்தால் பயமில்லை, சொசைட்டிப் பால் பாஸ்டரைஸ் ஆகத்தான் போகிறது, 72 டிகிரியில் பதினைந்து விநாடி சூடு காட்டினாலே இந்தக் கிருமி செத்துவிடும் என்றெல்லாம் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "எதுக்கும் சொசைட்டில ஒரு வார்த்தை சொல்லிருங்கக்கா" என்றும் சொன்னேன்.

அந்த ஒரு வார்த்தை தேவையா என்பதை இன்றுவரை புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். தேவைதான். சொசைட்டியில் பச்சைப் பாலை அளக்கிறவர், கேனில் ஊற்றுகிறவர் கையெல்லாம் பால்தான். காலையில் அங்கேயே சொம்பை நீட்டி வாங்கிப் போகிற வீடுகளும் உண்டு. அவர்கள் காய்ச்சாமல் குடிப்பதில்லை, ஆனால் அபிஷேகத்துக்குப் போகிற பாலை யார் காய்ச்சுகிறார்கள்? அப்படிப் பார்த்தால் சொன்னது சரி. இன்னொரு பக்கம், அதே சொசைட்டியில் பால் ஊற்றுகிற மற்ற மாடுகளில் எத்தனைக்கு இது இருக்கிறதோ, யாரும் பரிசோதிக்கவில்லை. பரிசோதித்த ஒரு மாட்டின் பால் மட்டும்தான் சந்தேகப் பால் ஆனது.

அக்கா மறுநாளே போய்ச் சொல்லிவிட்டார். மறைக்கத் தெரியாத ஆள். சாயந்திரம் செயலாளர் என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், அந்தப் பாலை வாங்கலாமா வேண்டாமா, ஒத்த வார்த்தைல சொல்லுங்க."

"காய்ச்சினா ஒண்ணும் இல்லீங்க. கறக்கறவங்க, அளக்கறவங்க மட்டும் கொஞ்சம்…"

"அப்ப இருக்குதுங்கறீங்க."

"மாட்டுக்கு இருக்குதுங்க. பால்ல எப்பவும் வரும்னு சொல்ல முடியாது. விட்டு விட்டுத்தான்…"

"சரிங்க மேடம், புரிஞ்சுதுங்க."

என்ன புரிந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பதும் தெரியும். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஊர்ப் பாலுக்கெல்லாம் பொறுப்பு அவர்தானே. அந்த வீட்டுப் பாலை நிறுத்தினார். நோயே இல்லாத இன்னொரு மாட்டின் பாலையும் சேர்த்து. கட்டுத்தரை ஒன்றுதானே மேடம் என்றார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை. இரண்டையும் தள்ளித் தள்ளிக் கட்டுங்கள் என்று சொன்னதே நான்தான்.

அப்புறம் மாத்திரை. ரிஃபாம்பிசின் என்றால் மருந்துக் கடைக்காரருக்கு டி.பி.தான் ஞாபகம் வரும். சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தும் வீட்டுக்காரர் பயந்துபோய் யாரிடமோ கேட்டிருக்கிறார். ஒரே வாரத்தில் அந்த வீட்டில் டி.பி. என்றும், இல்லை மாட்டுக்காய்ச்சல் என்றும், இரண்டும் ஒன்றுதான் என்றும் பேச்சு. டாக்டர் வாயைத் திறக்கவில்லை. நோயாளியைப் பற்றி வெளியே பேசக் கூடாது என்பது அவர்கள் கட்டுப்பாடு. எனக்கு மாட்டைப் பற்றி அப்படி ஒரு கட்டுப்பாடும் இல்லை. சொல்லப்போனால் நோயைத் தெரிவிப்பதுதான் கடமை. விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்புக்கான 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் புருசெல்லாவும் இருக்கிறது. ஆனால் இந்த நோயில் மாட்டைப் பற்றிச் சொன்னால் ஆளைப் பற்றியும் சொன்னதாகிவிடுகிறது. மூன்று துறையும் தகவலைப் பகிர வேண்டும் என்பது பாடத்தில் அத்தியாயத்துக்கு அத்தியாயம் வரும். பகிர்ந்த தகவல் எல்லாம் கடைசியில் ஒரே வீட்டு வாசலில் போய்க் குவியும் என்பதை எந்த அத்தியாயத்திலும் நான் படிக்கவில்லை. சரியாகப் படிக்காமல் விட்டேனோ என்னவோ.

கட்டுரையில் பால் நின்றதையும் ஒரு வரி எழுதியிருந்தேன். கூடப் படித்தவர்கள் ஒருவர் கட்டுரைக்கு இன்னொருவர் கருத்து எழுத வேண்டும். கென்யாவிலிருந்து ஒருவர் கேட்டிருந்தது ஒரே கேள்வி: நின்ற பாலுக்கு அந்த அம்மாவுக்கு யார் பணம் கொடுத்தார்கள்? நான் நீளமாகப் பதில் எழுதினேன். 2019-இல் தொடங்கிய தேசியத் திட்டம், நான்கு முதல் எட்டு மாதக் கிடாரிக் கன்றுகளுக்கு இலவசத் தடுப்பூசி, ஒரே ஊசியில் நீண்ட காலப் பாதுகாப்பு. எல்லாம் உண்மை. கேள்விக்குப் பதில் மட்டும் அதில் இல்லை. தடுப்பூசி போட என்னிடம் மருந்து இருக்கிறது. நின்ற பாலுக்குக் கொடுக்க என் மருந்தகத்தில் எந்தக் கணக்குத் தலைப்பும் கிடையாது.

மால்டா கதை இங்கேதான் உறுத்துகிறது. அங்கே பிரிட்டிஷ் சிப்பாய்கள் காய்ச்சலில் கிடந்தார்கள். 1887-இல் டேவிட் புரூஸ் என்ற படை மருத்துவர் அதற்கான கிருமியைக் கண்டுபிடித்தார், புருசெல்லா வகைதான். அது எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. 1905-இல் தெமிஸ்டோக்ளிஸ் ஸாம்மிட் என்ற உள்ளூர் மருத்துவர்தான் ஆட்டுப் பாலில் இருக்கிறது என்று காட்டினார். ஆடுகள் பார்க்க நன்றாகத்தான் இருந்தன. யாருக்கும் சந்தேகமே வரவில்லை. அடுத்த ஆண்டு படைக்கு ஆட்டுப் பால் நின்றது, சிப்பாய்களுக்குக் காய்ச்சல் மளமளவென்று குறைந்தது. வெற்றிக் கதை. ஆனால் தீவு மக்களுக்கு அதன் பிறகும் பல ஆண்டுகள் அந்தக் காய்ச்சல் வந்துகொண்டுதான் இருந்தது. சிப்பாய்க்கு ஆட்டுப் பால் போனால் டின் பால். ஆட்டுக்காரருக்கு? முதல் தடவை படித்தபோது எனக்கு இந்தக் கேள்வி தோன்றவில்லை. ஸாம்மிட்டின் சாமர்த்தியத்தைத்தான் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன்.

சுற்றுச்சூழல் பகுதிக்கு என்ன எழுதுவது என்று வேறு திண்டாடினேன். எங்கள் பக்கம் சுற்றுச்சூழல் என்றாலே நொய்யல் ஆறு, சாயத்தண்ணி, அது தேங்கின ஒரத்துப்பாளையம் அணை. மாட்டுக் கொடியைப் பற்றி எந்த அலுவலகத்தில் போய்ப் பேசுவது? கன்று போட்டதும் கொடியைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுகிற வழக்கத்தை எழுதினேன். பாடம் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கச் சொல்கிறது. அதுதான் சரி. ஆனால் அரைகுறையாகப் புதைத்து நாய் தோண்டி இழுத்துப் போவதைவிட மரத்தில் கட்டுவது மேல் என்று ஒரு வரி சேர்த்தேன். திருத்தியவர் அதற்குக் கேள்விக்குறி போட்டிருந்தார். அந்த வரியை இப்போதும் வாபஸ் வாங்க மாட்டேன்.

அக்கா மாட்டை விற்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு வியாழக்கிழமை கருங்கல்பாளையம் சந்தைக்கு வண்டி ஏற்றியிருந்தால் கேரளாவுக்கோ கர்நாடகாவுக்கோ போயிருக்கும். யாரும் ரத்தம் எடுத்துப் பார்த்து வாங்குவதில்லை. வீட்டுக்காரரே அதைத்தான் சொன்னார். "அங்க போயி இன்னொருத்தி கட்டுத்தரையும் நாசமாகறதுங்களா?" என்று அக்கா மறுத்துவிட்டார். கிளுவை வேலிக்குள் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் தனியாக மேய்கிறது. சோளத்தட்டு விலைக்கு வாங்கிப் போட வேண்டியிருக்கிறது. தட்டு என்ன விலை விற்கிறது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

நான் போனபோது கோபமாக எதுவும் பேசவில்லை. காப்பி வைத்துக் கொடுத்தார், பால் இல்லாமல். பிறகு சொன்னார்: "நீங்க சொன்னதெல்லாம் கேட்டனுங்க டாக்டரம்மா. கேக்காதவங்கெல்லாம் பால் ஊத்தீட்டுத்தானுங்க இருக்கறாங்க."

"வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் விட்டுருச்சில்லீங்கக்கா" என்றேன்.

"அது விட்டுருச்சுங்க" என்றார்.

இதில் எது பெரிது என்று தராசு வைக்க நான் யார். அந்த மனிதர் எழுந்து நடக்கிறார், கிருமி முதுகெலும்பில் போய் உட்கார்ந்திருந்தால் ஆயுசுக்கும் படுத்திருப்பார். இதை நினைத்தால் மனசு ஆறுகிறது. பதிவேட்டைத் திறந்தால் ஆறுவதில்லை. அந்த ஊரிலிருந்து அதன் பிறகு கன்று வீச்சு என்று ஒரு அழைப்பும் இல்லை. காகிதத்தை மட்டும் பார்க்கிறவருக்கு நோய் ஒழிந்துவிட்டது என்றே தோன்றும். மேல் அதிகாரி அப்படித்தான் பாராட்டினார்.

கொஞ்ச நாள் முன்பு பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெண் குரல். "ஏனுங்க, பேரு ஊரு கேக்காதீங்க. மாடு கன்னு வீசிப்போடுச்சுங்க. கொடி அப்படியே நிக்குதுங்க." நான் கேட்கவில்லை. வெறுங்கையால் தொடாதீர்கள், ஆழமாகப் புதையுங்கள், பிள்ளைகளை அண்ட விடாதீர்கள், யாருக்காவது காய்ச்சல் வந்தால் முதல் வேலையாக மாடு வைத்திருக்கிறோம் என்று டாக்டரிடம் சொல்லுங்கள் என்றேன். படித்ததற்கு நேர் எதிராக, ரத்தம் எடுப்பதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. கையுறை ஒரு கட்டு எங்கள் ஊர்த் தீவனக் கடையில் கொடுத்து, யாராவது வந்து கேட்டால் கொடுங்கள் என்று சொல்லி வைத்தேன்.

கடைக்காரர் நேற்றுக் கூப்பிட்டார். தீர்ந்துவிட்டதாம், இன்னும் நாலு பேர் கேட்டுவிட்டுப் போனார்களாம். கையுறை கேட்டு மேலே இன்டென்ட் போட வேண்டும் என்றால் எத்தனை மாடு, யார் மாடு என்று எழுத வேண்டும். என் சொந்தக் காசில் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.