இடக்கண்ணின் மூன்று வாரம்

நவம்பர் 21

எழுந்ததும் வலக்கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு சுவரிலுள்ள தினசரி நாட்காட்டியைப் பார்த்தேன். 21 முழுதாகத் தெரிந்தது. மிதக்கும் கரும்புள்ளிகள் ஏழு, நூல்போல் ஒன்று. நேற்று கோயம்புத்தூரில் லேசர் முடிந்ததும், மூன்று வாரம் கழித்து வரும்படியும், அதுவரை பாரம் தூக்க வேண்டாம் என்றும், பார்வையின் ஓரத்தில் திரை இறங்குவதுபோல் தோன்றினால் மட்டும் ஒரு பொழுதும் தாமதிக்காமல் வரும்படியும் டாக்டர் சொல்லியனுப்பினார். எங்கள் நீலகிரி மலையூரான கேத்தியில் பிற்பகல் மூன்று மணியானால் எல்லோர் கண்ணுக்கும் திரை இறங்கிவிடும் என்பதை அவரிடம் சொல்ல அப்போது தோன்றவில்லை.

நவம்பர் 22

22 தெரிந்தது.

நவம்பர் 24

அம்மா ஒரு பை நிறையக் கேரட் கொடுத்தனுப்பியிருக்கிறார். கேரட் விளையும் பள்ளத்தாக்கில் பிறந்து, அப்பா மேட்டுப்பாளையம் மண்டிக்கு மூட்டை ஏற்றியதுபோக மிஞ்சிய உடைசலையெல்லாம் மென்று வளர்ந்த எனக்கு ஒன்பது வயதில் மைனஸ் நான்கு. வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும் என்பது உண்மை. ஆனால் என்னுடையது கிட்டப்பார்வை, நீண்டுவிட்ட விழியை எந்தக் காயும் குட்டையாக்குவதில்லை. இதை எத்தனை முறை விளக்கினாலும், "அரைச்சுக் குடி" என்பதே அம்மாவின் பதில்.

ஏழு வயதிலேயே கண்டுபிடித்திருக்கலாம். பள்ளிக்குக் கண் பரிசோதிக்க வந்தபோது, எனக்கு முன்னால் நின்றவள் வாசித்த கடைசி வரியைக் காதால் பிடித்து அப்படியே ஒப்பித்துவிட்டேன். ஏமாற்றுகிறோம் என்றே நான் நினைக்கவில்லை. பலகையில் இருப்பதை எல்லோரும் அப்படித்தான் தெரிந்துகொள்கிறார்கள் என்று நம்பியிருந்தேன். ஆசிரியர்களை நடையாலும் சால்வையின் நிறத்தாலும் அடையாளம் வைத்திருந்தேன். ஒருவர் புதுச் சால்வை போர்த்தி வந்த அன்று அவருக்கு வணக்கம் சொல்லாமல் நின்று, திமிர் பிடித்தவள் என்று பெயர் வாங்கினேன்.

நவம்பர் 27

முதல் உறைபனி. கேரட் தழைமீது உப்புத் தூவியதுபோல் வெள்ளை.

இரவில் வாசலில் நின்று எதிர்ச்சரிவின் விளக்குகளைப் பார்த்தேன். சிறுவயதில் அவை ஒவ்வொன்றும் தட்டளவு பெரிய வட்டமாய், ஒன்றன்மேல் ஒன்று படிந்து, பள்ளத்தாக்கு முழுவதும் மலர்ந்து கிடக்கும். கண்ணாடி வந்த அன்று இரவு அவை எல்லாம் கடுகளவாகச் சுருங்கிவிட்டன. அழுத என்னை, மூக்கு வலிக்கிறது போலும் என்று அப்பா சமாதானம் செய்தார். இன்றும் எப்போதாவது கண்ணாடியைக் கழற்றி அந்தப் பழைய விளக்குகளைப் பார்ப்பதுண்டு. இன்று கழற்றினேன், இடக்கண்ணில் வட்டங்களின் நடுவே அந்த நூல் நீந்தியதால் உடனே மாட்டிக்கொண்டேன்.

நவம்பர் 30

இட்லிப் பானையைத் திறந்ததும் எல்லாம் வெளுத்தது. கண்ணாடியில் படிந்த ஆவிதான் என்று புரிவதற்குள் நெஞ்சு பதறிவிட்டது.

டிசம்பர் 1

பாப்பாவுக்கு மைனஸ் ஒன்றே முக்கால். எட்டு வயது.

அவள் பலகையில் இருப்பதைப் பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதுகிறாள் என்று டீச்சர் சொன்னபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கூடுதல் என்று படித்திருக்கிறேன். அவளுடைய அப்பாவின் கண்ணில் குறையே இல்லை, ஆகவே இது என் வீட்டுச் சீதனம். வளர்ந்தவர்களின் விழி ஏறக்குறைய 24 மில்லிமீட்டர் நீளம், என் இடக்கண் 28. ஒரு மில்லிமீட்டர் கூடினால் இரண்டரை முதல் மூன்று பவர்வரை ஏறும்; அந்தக் கணக்கில்தான் நான் மைனஸ் பதினொன்றில் நிற்கிறேன். விழி நீள நீள உள்ளேயிருக்கும் விழித்திரை இழுபட்டு, பழஞ்சேலையின் ஓரம்போல் நைந்து, ஓட்டை விழுகிறது. அந்த ஓட்டையைச் சுற்றித்தான் லேசரால் வேலி போட்டிருக்கிறார்கள். அந்தத் தழும்பு இறுகிப் பிடிக்க இரண்டு வாரமாவது வேண்டும். பாப்பாவின் விழி எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டேன். அவளைச் சோதித்த கண்ணாடிக் கடையில் அதை அளக்கும் கருவி இல்லை.

டிசம்பர் 2

"பொம்பளப் புள்ளைக்கு இப்பவே கண்ணாடியா? போட்டா பவர் ஏறிக்கிட்டேதான் போகும்" என்றார் அத்தை. இதே பேச்சை நம்பித்தான் அப்பா எனக்குக் கண்ணாடி வாங்குவதை ஓராண்டு தள்ளிப்போட்டார். குறைந்த பவரில் கண்ணாடி போடுவதாலோ போடாமலிருப்பதாலோ பவர் ஏறுவது நிற்காது என்று நிதானமாகத் தொடங்கி, நிதானமில்லாமல் முடித்தேன். அத்தை சாப்பிடாமல் போய்விட்டார். சோடாபுட்டி என்று என்னை முதலில் அழைத்தவரும் அவர்தான் என்பதை இன்று சொல்லாமல் விட்டது பெரிய காரியம்.

டிசம்பர் 5

நாள்தோறும் இரண்டு மணி நேரம் வெளிவெளிச்சத்தில் விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறதாம். நான்கு நாளாக மழை விடவில்லை. பாப்பா ஜன்னலோரம் அமர்ந்து மூக்கு படும்படி படம் வரைகிறாள். நானும் அப்படியே அமர்ந்திருந்தவள்தான் என்பதால் அதட்டவும் முடியவில்லை.

டிசம்பர் 7

7 தெரிந்தது. புள்ளிகள் எட்டு. எட்டாவது, கண்ணாடியைத் துடைத்ததும் போய்விட்டது.

டிசம்பர் 10

மாலையில் இடப்பக்கம் சாம்பல் நிறமாக இருந்தது. கண்ணாடியைத் துடைத்தேன், வலக்கண்ணைப் பொத்தினேன், ஜன்னலைத் திறந்து பார்த்தேன், எதிர்ச்சரிவு தெரியவில்லை. வெளியே பனிமூட்டம் இறங்கியிருக்கிறதா என்று பாப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஆமாம், ஒன்றுமே தெரியவில்லை என்றாள். நிம்மதியாக மூச்சுவிட்டுத் திரும்பியபோதுதான், அவளுடைய கண்ணாடி மேசைமேல் இருப்பதைக் கவனித்தேன்.

டிசம்பர் 11

முதல் பேருந்து. நாட்காட்டியின் பக்கம் இன்னும் திரும்பவில்லை.