சுடாத வெயிலும் சுடும்

ஏப்ரல் 6, வேலூர்
தம்பி பையன் ட்ரோம்சோவிலிருந்து கூப்பிட்டான். நார்வேயில் 69 டிகிரி வடக்கே, ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே இருக்கிற ஊர். "அத்தை, கண்ணுல மண் விழுந்த மாதிரி உறுத்துது. தண்ணியா கொட்டுது. தாடைக்குக் கீழ எரியுது." பகல் முழுக்கக் கண்ணாடி போடாமல் பனிச்சறுக்கு. அங்கே மைனஸ் 4. "இந்தக் குளிர்ல எப்படி அத்தை வேகும்?"

கண்ணைக் கசக்காதே, லென்ஸ் போடாதே, இருட்டான அறையில் இரு, டாக்டரைப் பார் என்றேன். மரத்துப்போகிற சொட்டு மருந்து வேணுமாம். அதை வீட்டில் வைத்துப் போட்டுக்கொள்ளவே கூடாது. என் மருந்துக்கடையில் கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

ஏப்ரல் 8
கண் தேறிவிட்டது. கருவிழியின் மேல்தோல் வெந்துபோவதுதான் இந்தப் பனிக்குருடு. பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும். வலி சில மணி நேரம் கழித்துத்தான் வரும் என்பதால் வெளியே இருக்கும்போது தெரியாது.

நமக்கு வெயில் என்றால் சூடு. கத்திரியில் தார் ரோடு கொதித்தால்தான் பயப்படுவோம். தோலைக் கெடுக்கிற புற ஊதாக் கதிரோ சூடாகவே தெரியாது. புதுப் பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். காய்ந்த மணல் சுமார் 15 சதவீதம்தான். பாலாற்று மணலில் நடுப்பகலில் நின்றாலும் கீழிருந்து அவ்வளவு வராது. பையனுக்குத் தாடையின் அடிப்பக்கம் எரிந்தது இதனால்தான்.

ஏப்ரல் 13
கடையில் ஒரு பெண் "வெள்ளையாக்குற சன்ஸ்கிரீன்" கேட்டாள். அப்படி ஒன்று கிடையாது என்றால் நம்பவில்லை. சன்ஸ்கிரீனைச் சிவப்பழகு க்ரீமுக்குப் பக்கத்து அலமாரியில் அடுக்கி நாமே கெடுத்துவிட்டோம்.

ஏப்ரல் 20
"போன்ல யூவி 3தான் காட்டுது, நம்ம ஊர்ல 11க்கு மேல" என்கிறான் தம்பி பையன். புற ஊதாக் கதிர் எவ்வளவு கடுமை என்று காட்டுகிற இந்த யூவி குறியீட்டை 1992ல் முதலில் அறிவிக்கத் தொடங்கியதே குளிர்நாடான கனடாதான். 3 வந்தாலே தோலைக் காக்கச் சொல்கிறார்கள். பனியிலிருந்து திருப்பி அடிக்கிற கதிர் தனிக்கணக்கு. மெலனோமா என்கிற தோல் புற்றுநோய் உலகிலேயே அதிகமாக வரும் நாடுகளின் வரிசையில் நார்வே இருக்கிறது. நம் கறுப்புத் தோலுக்கு அந்த ஆபத்து குறைவு. கண்ணுக்கு அந்தச் சலுகை இல்லை.

மே 3
தம்பி மனைவி போனில், "வெயில் பக்கமே போகாதடா, கறுத்துடுவே" என்று மகனுக்கு உத்தரவு. நான் குறுக்கிட்டேன். அங்கே நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுவரை சூரியன் எழாது. அதற்கு முன்னும் பின்னும் எழுந்தாலும் தாழ்வாகவே போகும்; வைட்டமின் டி உண்டாக்குகிற கதிர் தோலுக்கு வந்து சேராது. கறுத்த தோலுக்கு இன்னும் கூடுதல் வெயில் வேண்டும். குளிர்காலத்தில் அந்த வைட்டமினுக்காக அவ்வூர்க்காரர்கள் காட் மீன் ஈரல் எண்ணெய் குடிக்கிறார்கள். இவன் மீன் வாசனைக்கே எழுந்து ஓடுகிறவன். டாக்டரிடம் கேட்டு மாத்திரை போடட்டும்.

மே 9
இன்னும் சில நாளில் அங்கே சூரியன் மறையவே மறையாதாம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் சன்ஸ்கிரீன் பூசணுமா என்கிறான். தேவையில்லை, அப்போது சூரியன் தொடுவானத்தை ஒட்டிக் கிடக்கும். நடுப்பகலை மட்டும் கவனி என்றேன். பக்கவாட்டையும் மூடுகிற, புற ஊதாக் கதிரைத் தடுக்கிற "யூவி 400" கண்ணாடியை அங்கேயே வாங்கச் சொல்லியாயிற்று. இங்கிருந்து போகிற பார்சலில் ஆற்காடு மக்கன் பேடா மட்டும்.