செவ்வாய்க்கிழமைகளுக்கு ஓர் ஆல்பம்

எங்கள் வீட்டில் விசேஷங்களுக்கெல்லாம் ஆல்பம் இருக்கிறது. சாதாரணச் செவ்வாய்க்கிழமைகளுக்குத்தான் இல்லை. பிறந்தநாள் என்றால் ஆளாளுக்குப் படம் எடுக்கிறோம். யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பார், யார் போனில் பேசும்போது கிடைத்த காகிதத்தில் கட்டம் கட்டமாகக் கிறுக்குவார் என்பதையெல்லாம் யாரும் எடுப்பதில்லை. ஒருவர் வீட்டைவிட்டுப் போன பிறகு, படிப்புக்கோ வேலைக்கோ ஒரேயடியாகவோ, நாம் தேடுவது அந்தக் கிறுக்கலைத்தான்.

அதனால் நான் துண்டுக் காகிதங்களை ஒட்டி வைக்கும் ஸ்கிராப்புக் நோட்டுகளில் விசேஷங்களுக்கு இடம் கிடையாது. அவற்றைக் கவனித்துக்கொள்ள வேறு ஆட்கள் இருக்கிறார்கள். என் நோட்டில் இருப்பவை அப்பா எழுதி வைத்துவிட்டுப் போகும் துண்டுச் சீட்டுகள், மகள் தன் அறைக் கதவில் ஒட்டிய எச்சரிக்கைகள், சீட்டாட்டக் கணக்குத் தாள்கள், மருந்துச் சீட்டின் பின்பக்கம் வரைந்த யானை, அம்மா துணி வெட்டுவதற்காகச் செய்தித்தாளில் வெட்டிய கவுன் அளவு.

“குப்பைக்கூடையையா ஆல்பம் போடுறே?” என்று அண்ணி கேட்டார்.

“கிட்டத்தட்ட அப்படித்தான் அண்ணி.”

அப்பாவுக்கு செல்போனில் செய்தி அனுப்பத் தெரியும். இருந்தாலும் வெளியே கிளம்பும்போது ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, மேசையில் வைத்து, பறக்காமல் இருக்க மேலே தன் கண்ணாடிக் கூட்டை வைத்துவிட்டுப் போவார். “நூலகம் போகிறேன். குடை எடுத்துக்கொண்டேன். காலை 10.20.” அதற்குக் கீழே கையெழுத்து. கையெழுத்துக்குக் கீழே, சந்தேகம் வரக் கூடாது என்று, “அப்பா.” வேறு யார் எழுதியிருக்கப் போகிறார்கள்! அவர் அளவுகோலை அழுத்திப் பிடித்துக் காகிதம் கிழிப்பவர். ஒரு பக்கம் நேராக இருக்கும், மறுபக்கம் பிசிறாக இருக்கும். இந்தச் சீட்டுகளை ஒட்டும்போது நான் ஓரம் வெட்டுவதே இல்லை. அலை அலையாக வெட்டும் கத்தரிக்கோல், மூலையை வளைத்துத் தரும் கருவி எல்லாம் என்னிடம் உண்டு. ஆனால் அந்தப் பிசிறில்தான் அப்பாவின் கை இருக்கிறது. அதை வெட்டி எறிந்துவிட்டுச் சுற்றிலும் பூ ஒட்டுவதில் என்ன இருக்கிறது?

சரி, ஒட்டுவது சுலபம். தொல்லை என்னவென்றால், அன்றாடக் காகிதம் எதுவும் நிலைத்திருப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. வாழ்த்து அட்டை கனமான காகிதத்தில் வரும். கடை ரசீதும் பேருந்துச் சீட்டும் செய்தித்தாளும் இருப்பதிலேயே மட்டமான காகிதத்தில்தான் வரும். நமக்கு வேண்டியதோ அவைதான்.

பளபளவென்று வழுவழுப்பாக வரும் ரசீதுகளில் மையே கிடையாது. அது வெப்பத்தாள். நிறமற்ற சாயமும் அதைக் கறுக்கவைக்கும் வேதிப்பொருளும் தாளின் மேல்பூச்சில் கலந்திருக்கும். அச்சு இயந்திரத்தின் சூடு பட்ட இடம் மட்டும் கறுப்பாகும். வெப்பத்தில் வந்த எழுத்து வெயில், சூடு, சில வகைப் பசை, பிளாஸ்டிக் உறை எது பட்டாலும் மங்கிப்போகும். இன்னும் சூடு பட்டால் தாள் முழுக்கக் கறுத்துவிடும். லேமினேட் செய்து பத்திரப்படுத்துகிறேன் என்று கிளம்புபவர்கள் அந்தச் சூட்டிலேயே அதை முடித்துவிடுவார்கள். இவற்றுக்கு ஒரே வழி, கையில் வந்த வாரமே நகல் எடுத்துவிடுவது. ஒட்டுவது நகலைத்தான். லேசர் நகலில் இருப்பது கரித்தூள், அவ்வளவு சீக்கிரம் மங்காது.

செய்தித்தாளின் கதை வேறு. மரத்தை அப்படியே அரைத்துச் செய்யும் கூழில், மர இழைகளை ஒட்டிப் பிடித்திருக்கும் லிக்னின் என்ற பொருள் தங்கிவிடுகிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் அதுதான் மஞ்சளிக்கிறது. கூடவே அமிலமும் உண்டாகிறது. தான் நொறுங்குவதோடு விடாமல் எதிர்ப்பக்கத்துக்கும் அந்த அமிலத்தைக் கடத்திவிடும். பழைய நோட்டில் செய்தித் துண்டு ஒட்டிய பக்கத்தைத் திறந்தால், எதிரே அதே வடிவத்தில் பழுப்பு நிழல் ஒன்று விழுந்திருக்குமே, அது இதனால்தான். அம்மா வெட்டிய கவுன் அளவு எனக்கு அந்த விதத்தில் பெரிய சோதனை. அதன் அழகே, அளவின் நடுவில் அன்றைய தேதி அச்சாகியிருப்பதுதான். கழுத்து வளைவுக்குப் பக்கத்தில் பாதித் தலைப்பு, கை இணைப்பில் வானிலை அறிக்கை, ஓரத்தில் அம்மா நீலப் பென்சிலில் எழுதிய “மடிப்புக்கு விடவும்.” நகல் போதும் என்று மனசு வரவில்லை. கடைசியில் அசலை அமிலமற்ற காகிதத்தில் செய்த உறைக்குள் தனியாக வைத்து, நோட்டில் நகலைப் பாதி அளவுக்குச் சுருக்கி ஒட்டினேன். உறை நோட்டின் பின்னட்டையில் செருகியிருக்கிறது. அம்மாவிடம் காட்டியபோது அவர் பார்த்தது தன் கையெழுத்தை அல்ல. “இந்தத் தோள் அளவு தப்பு. அப்பவே இறக்கமா இருந்துச்சு” என்றார். அதையும் பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

காகிதம் வாங்கும்போது உறையில் அமிலமற்றது, லிக்னின் அற்றது என்று இரண்டும் போட்டிருக்கிறதா என்று பார்ப்பேன். நெடுநாள் நிலைக்கும் காகிதத்துக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 9706 குறிப்பிட்டிருந்தால் இன்னும் நல்லது. அந்தத் தரத்துக்குக் காகிதத்தின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7.5 முதல் 10 வரை இருக்க வேண்டும். பின்னாளில் உண்டாகும் அமிலத்தை முறிக்க, குறைந்தது 2 சதவீதம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமமான காரச் சேமிப்பும் வேண்டும். எல்லாப் பக்கத்துக்கும் இப்படி வாங்கக் கட்டுப்படியாகாவிட்டால் பரவாயில்லை, அசல் ஒட்டும் பக்கங்களுக்காவது வாங்கலாம்.

மகளின் கதவு அறிவிப்புகள் தனி வரிசை. முதலாவது “யாறும் உல்லே வர கூடது.” அடுத்ததில் ‘யாரும்’ சரியாகிவிட்டது, ‘உல்லே’ அப்படியே. அதற்கடுத்ததில் எழுத்துப்பிழையே இல்லை, ஆனால் “பாட்டி மட்டும் வரலாம்” என்று ஒரு வரி கூடியிருக்கிறது. இவற்றுக்கு நான் எந்த அலங்காரமும் செய்யவில்லை. வரிசையாக ஒட்டி, ஒவ்வொன்றும் எதற்காக எழுதப்பட்டது என்று கீழே குறித்தேன். பாட்டிக்கு எப்படி விதிவிலக்கு கிடைத்தது என்பதை எழுதாமல் விட்டால், இன்னும் சில வருஷத்தில் எனக்கே மறந்துவிடும். (தகவலுக்கு: சீட்டாட்டத்தில் பேத்தி அடுத்தவர் சீட்டை எட்டிப் பார்த்து விளையாடியதைப் பாட்டி யாரிடமும் சொல்லவில்லை.)

என்னைக் கேட்டால், ஸ்கிராப்புக்கில் உழைக்க வேண்டிய இடம் இந்தக் குறிப்புதான். யார், எப்போது, அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது. “இனிய நினைவுகள்” என்று அச்சடித்து விற்கும் ஸ்டிக்கரைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். எந்த வீட்டுப் பக்கத்திலும் ஒட்டக்கூடிய வரி, நம் வீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாது. குறிப்பைக் கையால் எழுதுங்கள், கையெழுத்து எவ்வளவு மோசமாக இருந்தாலும் சரி. அதுவும் ஒரு நாள் யாரோ தேடப்போகும் கிறுக்கல்தான். எழுதுவதற்கு நிறமித் துகள் (பிக்மென்ட்) மை உள்ள பேனாவோ பென்சிலோ போதும். சாதாரண மார்க்கர்கள் பலவற்றிலும் சில ஜெல் பேனாக்களிலும் சாய மை இருக்கும், வெளிச்சத்தில் வெளுத்துவிடும். பென்சிலை மட்டமாக நினைக்க வேண்டாம். அதில் எழுதும் கிராஃபைட் வெறும் கார்பன்தான், வெளுக்க அதில் ஒன்றுமில்லை.

வீடு மாற்றியபோதுதான் பெரிய வேலை வந்தது. பழைய வீட்டுக் கதவு நிலையில் மகளின் உயரத்தைக் கோடு போட்டுப் போட்டு வைத்திருந்தோம். நடுவில் தம்பி மகனின் கோடுகளும் உண்டு, ஓரிடத்தில் பூனையின் கோடும் உண்டு. கதவு நிலையைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. போட்டோ எடுத்தால் கோடு தெரியும், உயரம் தெரியாது. அதனால் ஒரு நீளக் காகிதச் சுருளை நிலையோடு சேர்த்து மாஸ்கிங் டேப்பால் நிறுத்தி, ஒவ்வொரு கோட்டையும் அப்படியே பக்கவாட்டில் நீட்டிக் காகிதத்தில் ஏற்றினேன். காகிதத்தின் அடி விளிம்பு தரையைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அது அசைந்தால் எல்லா உயரமும் பொய். தேதிகளையும் எழுத்துகளையும் டிரேசிங் தாளில் தனியாகப் படியெடுத்தேன்.

ஒன்றரை மீட்டர் சுருளை நோட்டில் எப்படி வைப்பது? விசிறி மடிப்புதான். ஆனால் சுருளையே மடித்தால் சரியாக வராது. இயந்திரத்தில் செய்யும் காகிதத்தில் இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும், சுருளில் அது நீளவாக்கு. இழையோடு மடித்தால் மடிப்பு வழுக்கிக்கொண்டு விழும். குறுக்கே மடித்தால் வெடித்து ஓரம் பொரிப்பொரியாக நிற்கும். இழை எந்தப் பக்கம் என்று பார்க்க, தாளை மடிக்காமல் இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் முரண்டு பிடிக்காமல் வளைகிறதோ, மடிப்பும் அந்தப் பக்கம்தான். எனவே நல்ல காகிதத்தில், இழை குறுக்கே வருகிற மாதிரி 30 செ.மீ. துண்டுகள் ஐந்து வெட்டினேன். அடுத்த துண்டோடு சேர்த்து ஒட்ட 1 செ.மீ. நாக்கு. ஒவ்வொரு துண்டுக்கும் நடுவில் ஒரு மடிப்பு. விரித்தால் 150 செ.மீ., மூடினால் 15 செ.மீ.

கோடுகளைச் சுருளிலிருந்து இதற்கு மாற்றும்போது, நான்கு வயதுக் கோடு சரியாக 105 செ.மீ.யில், மடிப்பின் மேலேயே விழுந்தது. மடிப்பில் இருக்கும் எதுவும் தேய்ந்துவிடும். கோட்டை நகர்த்த முடியாதே! மடிப்பை 106க்கு நகர்த்தினேன். ஒரு பக்கம் மட்டும் 1 செ.மீ. துருத்திக்கொண்டு நிற்கிறது, நிற்கட்டும். அப்புறம் ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் அந்த உயரத்தில் அவளுக்கு என்ன எட்டியது என்று எழுதினேன். இங்கே மின்விளக்கு சுவிட்ச். இங்கே அப்பாவின் கண்ணாடிக் கூடு இருக்கும் மேசை. இங்கே தாழ்ப்பாள், எட்டிய அன்றே உள்ளே பூட்டிக்கொண்டு திறக்கத் தெரியாமல் அழுதது. புது வீட்டில் இந்த விசிறி மடிப்பை விரித்துச் சுவரோடு வைத்துத் தொடர்ந்து அளக்கிறோம். மேலே சேர்க்க ஆறாவது துண்டு வெட்டி வைத்திருக்கிறேன்.

பசையைப் பற்றிக் கொஞ்சம். செல்லோடேப் வேண்டவே வேண்டாம். அதன் பசை நாளாக ஆக மஞ்சளாகி, எண்ணெய்போலக் காகிதத்துக்குள் இறங்கிவிடும். டேப் தானாக உதிர்ந்தாலும் கறை போகாது. மாவு காய்ச்சிய பசை நல்லது, பின்னாளில் ஈரம் காட்டிப் பிரிக்கவும் முடியும். ஆனால் இராமபாணப் பூச்சிக்கு மாவுப்பசை என்றால் கொள்ளை ஆசை, நோட்டை ஈரமில்லாத அலமாரியில் வைக்க வேண்டும். தாவர நாரிலிருந்து வேதிமுறையில் செய்யும் மெத்தில் செல்லுலோஸ் பசையில் அந்தத் தொந்தரவு குறைவு. போட்டோக்களுக்கு நான் பசையே போடுவதில்லை, மூலைகளைச் செருகும் காகிதக் கூடுகள் மடித்துக்கொள்கிறேன்.

1873இல் மார்க் ட்வைன் தானே ஒட்டும் ஸ்கிராப்புக் ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். பக்கங்களிலேயே பசை தடவியிருக்கும், நனைத்தால் போதும். எழுத்தாளர் ஒருவர் வெற்றுப் பக்கங்களை விற்றது எனக்குப் பிடித்த விஷயம். ஆனால் அதே ஆசையின் பிந்தைய வடிவம்தான், நம் பெற்றோர் காலத்து ஒட்டும் பக்க ஆல்பங்கள்: பசைக் கோடுகள் போட்ட அட்டை, மேலே உரித்து மூடும் பிளாஸ்டிக். அவற்றில் மாட்டிய படங்கள் இன்று விடாப்பிடியாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இழுக்காதீர்கள், படம் வளைந்து விரிசல் விடும். மெழுகு பூசாத பல் இடுக்கு நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவில் நுழைத்து, ரம்பம் இழுப்பதுபோல மெதுவாக இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால் முதலில் அப்படியே ஸ்கேன் செய்துவிட்டு, மறுபடி யோசிக்கலாம்.

பக்கங்களில் பொருள் சேரச் சேர நோட்டு வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். தைக்கும்போதே முதுகில் இரண்டு தாள்களுக்கு நடுவில் 2 செ.மீ. அகலப் பட்டிகளைச் சேர்த்துத் தைத்தால், ஒட்டப்போகும் தடிமனுக்கு இடம் கிடைக்கும். என் நோட்டுகள் எல்லாம் நடுமடிப்பில் மூன்று துளை போட்டுத் தைத்தவைதான். நடுத்துளையில் நூலை நுழைத்து, மேலே போய், கீழே போய், மறுபடி நடுவுக்கு வந்து முடிச்சு. மகளே தைக்கிறாள்.

அண்ணி இப்போது கேலி செய்வதில்லை. போன மாதம் ஒரு பெரிய உறை கொடுத்துவிட்டார். உள்ளே அண்ணன் போனில் பேசியபடி கட்டம் கட்டமாகக் கிறுக்கிய தாள்கள், ஒரு கற்றை ரசீதுகள், கூடவே ஒரு கட்டளை: “ஒரிஜினல் எனக்கே வேணும். நீ நகல் வெச்சுக்கோ.” ரசீதுகளில் பாதி இப்போதே வெளிறிவிட்டன. நாளைக்கு ஸ்கேன் செய்ய உட்கார வேண்டும். எந்தக் கட்டம் எந்தப் பேச்சின்போது போட்டது என்று அண்ணனிடம் கேட்டிருக்கிறேன். வங்கிக்காரர்களிடம் பேசியபோது போட்டவைதான் ரொம்பக் கறுப்பாக இருக்கும் என்கிறார்.